எல்லாருக்கும் எழுபத்தைந்து

வெள்ளவத்தை
3 மார்ச் 1997

அன்புள்ள நேசம்,

இது தொலைபேசியில் சொல்லக்கூடிய விஷயம் இல்லை. மணி அடித்ததும் எங்கள் வாடகை வீட்டுச் சொந்தக்காரர் பக்கத்து அறையில் வானொலியைக் குறைத்துவிடுவார். அதனால் கிளறன்ஸின் பையில் போட்டு அனுப்புகிறேன். இந்தக் கட்டடத்துக்கும் உங்கள் கொட்டாஞ்சேனைக் கட்டடத்துக்கும் இடையில் கல்லூரித் தபாலைச் சுமந்து திரிகிற மனிதர், சோதனைச்சாவடிகளில் எத்தனை தரம் பையைக் கொட்டினாலும் ஒரு கடிதத்தையும் இதுவரை தொலைக்கவில்லை.

போன வியாழக்கிழமை அதிபர் சிவபாதசுந்தரம் என்னைக் கூப்பிட்டார். நிர்வாக சபை முடிவெடுத்துவிட்டது. இறுதி வருடத்தில் முப்பது பேர் மட்டும் முழுநேர மாணவர்களாக இருக்கலாம். மற்றவர்கள் பின்னேர வகுப்புக்கு வந்து போகலாம், ஆனால் விடுதி கிடையாது, கல்லூரிக் கடிதமும் கிடையாது. காசில்லை என்கிறார்கள். இல்லைத்தான்.

கடிதம் இல்லாவிட்டால் என்ன நடக்கும் என்று உமக்கு நான் சொல்லத் தேவையில்லை. வடக்கு விலாசம் போட்ட அடையாள அட்டையோடு கொழும்பில் நிற்கிறவருக்கு ஒரு காரணம் இருக்க வேண்டும். 'இவர் எமது முழுநேர மாணவர்' என்ற ஒன்றரை வரிதான் நமது பிள்ளைகளின் காரணம்.

"எல்லாத் துறையையும் ஒரே வரிசையில போட்டு முப்பது பேரைத் தாரும்," என்றார் அதிபர். "ஆரும் வந்து ஏன் எண்டு கேட்டா, காட்டக்கூடிய மாதிரி இருக்க வேணும்."

"ஒரு துறையின்ர எழுபதும் இன்னொரு துறையின்ர எழுபதும் ஒண்டில்லை, சேர்."

"அது எனக்கும் தெரியும். அதுக்குத்தானே புள்ளிவிபரம் படிப்பிக்கிற ஆளைக் கூப்பிட்டது."

ஐந்து துறைகளிலும் ஐம்பத்துநாலு பேர்; அவர்களுடைய புள்ளிகள் என் மேசைக்கு வந்துவிட்டன. கணிதத்தில் ஐம்பதைத் தாண்டினாலே வீட்டில் பாற்சோறு பொங்குவார்கள். வணிகத்தில் தாராளம். உமது வரலாற்றுத்துறையைப் பார்த்தபோது தட்டெழுத்துப் பிழை என்றுதான் நினைத்தேன். பதினாறு பேர். பதினாறு பேருக்கும் எழுபத்தைந்து.

என்ன நடந்தது, நேசம்? எனக்கு மட்டும் சொல்லும்.

அம்மா கேட்டா, நேசம் ஏன் இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் வருவதில்லை என்று. சின்ன மாமாவும் உம்மை விசாரித்தார். அவர் யாரையும் விசாரிப்பது அபூர்வம்.

அருந்ததி

*

கொட்டாஞ்சேனை
5 மார்ச் 1997

அருந்ததி,

பிழை ஒன்றும் இல்லை. எழுபத்தைந்து, எழுபத்தைந்து, எழுபத்தைந்து. தட்டெழுதிய பிள்ளைக்குக் கூட வேலை சுகமாக இருந்ததாம்.

உமக்கு நாகேந்திரத்தை ஞாபகம் இருக்காது. போன வருடம் என்னிடம் படித்தவன், நெட்டையன், வகுப்பில் பின்வாங்கில் இருந்து யன்னலால் துறைமுகத்தைப் பார்ப்பவன். விடைத்தாளில் அரைவாசி வெறுமையாக விட்டிருந்தான். முப்பத்தெட்டு போட்டேன். சரியான புள்ளி. இன்றைக்குத் திருத்தினாலும் முப்பத்தெட்டுத்தான் போடலாம். சித்தியடையவில்லை என்று அலுவலகம் அவனுடைய கடிதத்தைப் புதுப்பிக்கவில்லை. இரண்டு கிழமைக்குள் செட்டியார் தெருவில் ஒரு லொட்ஜில் பிடித்தார்கள். எங்கே இருக்கிறான் என்று அவனுடைய தாய் எனக்கு எழுதிக் கேட்கிறா. நான் வரலாறு படிப்பிக்கிறவள், அருந்ததி, நடந்து முடிந்ததை மட்டும்தான் சொல்லத் தெரியும்.

அதற்குப் பிறகு நான் யாருக்கும் புள்ளி போடுவதில்லை. எழுபத்தைந்து போடுகிறேன். அது வேறு.

வீட்டுக்கார யோசெப்பின் அன்ரிக்கும் இதைச் சொன்னேன். அவ இறால் உரித்துக்கொண்டிருந்தா. "அதில என்ன பிழை, பிள்ளை? செவ்வாய்க்கிழமை அந்தோனியார் கோயிலில ஏழையளுக்குப் பாண் குடுக்கேக்க சோதினை வைச்சே குடுக்கினம்?" என்றா. உமது புள்ளிவிபரவியலில் இதற்குப் பதில் இருந்தால் எழுதியனுப்பும்.

பதினாறு பேரில் ஒன்பது பேர் வடக்கு. கனகேஸ்வரி என்று ஒருத்தி இருக்கிறாள். சாவகச்சேரி. இடம்பெயர்ந்து, நடந்து, வள்ளமேறி, எல்லாம் முடிந்து இங்கே வந்து சேர்ந்தவள். பரீட்சையில் மற்றவர்கள் மணிக்கூட்டைப் பார்க்கும்போது இவள் மேலதிகத் தாள் கேட்டுக் கை உயர்த்துவாள். ஆங்கிலம் வராது. அதைப்பற்றி ஒருநாள் ஏசினேன். "இங்கிலீசில கதைக்க வராது மிஸ். ஆனா மற்றவை இங்கிலீசில கதைச்சா பயப்பிட வரும்," என்றாள். வகுப்பே சிரித்தது. அவளும்தான்.

இவளைக் கொண்டுபோய் உமது வரிசையில் எங்கே நிறுத்தப் பார்க்கிறீர்? எல்லாரும் எனக்கு ஒன்று. அப்படியே சேர்த்துவிடும்.

நேசம்

*

வெள்ளவத்தை
7 மார்ச் 1997

அன்புள்ள நேசம்,

நாகேந்திரத்தைப் பற்றி எனக்குத் தெரியாது. மனதுக்குக் கஷ்டமாக இருந்தது. அதை முதலில் எழுதிவிடுகிறேன், ஏனென்றால் இனி எழுதப்போவது உமக்குப் பிடிக்காது.

யோசெப்பின் அன்ரிக்குப் பதில்: பாண் முடியாமல் இருக்கும்வரைக்கும் சரி. இங்கே பாண் முப்பதுதான். நீர் பதினாறு பேருக்கும் எழுபத்தைந்து போட்டால், பதினாறு இடத்தை உமது துறை எடுத்துவிடும். அந்த இடங்கள் கோயிலில் இருந்து வருவதில்லை. வேறு பிள்ளைகளின் மடியில் இருந்து வருகின்றன.

என் துறையில் ஹமீமா என்று ஒருத்தி. கணிதத்தில் ஐம்பத்தெட்டு, அதுதான் அங்கே இரண்டாவது. புள்ளிகளை வந்தபடியே அடுக்கினால் அவள் முப்பதுக்கு வெளியே. விலாசத்தைப் பார்த்தால் இவள் புத்தளத்துப் பிள்ளை என்று நினைப்பீர். இல்லை. பிறந்தது யாழ்ப்பாணம், சோனகதெரு. தொண்ணூறாம் ஆண்டு ஒரு பின்னேரத்தில் நம்முடைய ஆட்கள்தான் துவக்கைக் காட்டி அங்கிருந்த முஸ்லிம்களைத் துரத்தினார்கள். தகப்பன் இன்னும் புத்தளத்து அகதி முகாமில் ஓலைக் கொட்டிலில் இருக்கிறார். படிப்பு நின்றால் பெருநாள் முடியக் கலியாணம் என்று சொல்லிவிட்டாராம். மாப்பிள்ளைக்கு ஏற்கெனவே இரண்டு பிள்ளைகள். "பிடிச்சுக்கொண்டு போகமாட்டாங்க மிஸ். குடுத்துருவாங்க," என்றாள் ஹமீமா.

இனி முறையைச் சொல்கிறேன். எல்லாத் துறையினரும் எழுதுகிற ஒரே தாள் ஆங்கிலம். அதில் உமது மாணவர்களும் கணித மாணவர்களும் ஏறக்குறைய ஒன்றுதான். சொந்தப் பாடத்தில் மட்டும் உமது பிள்ளைகள் இருபத்தைந்து புள்ளி உயரத்தில் நிற்கிறார்கள். அந்த உயரம் பிள்ளைகளுடையது அல்ல, உம்முடையது. அதைக் கழிக்க வேண்டும்.

ஆனால் கழிக்கும்போது பதினாறு பேரையும் ஒன்றாகத்தான் இறக்க முடியும். அவர்களுக்குள் யார் கெட்டி, யார் இல்லை என்று நீர் எனக்குச் சொல்லவில்லை. பிறகு அவர்களைப் பிரித்துப் பார்க்க என்னிடம் மிஞ்சுவது ஆங்கிலப் புள்ளி மட்டும்தான். இந்த வரியைத் தயவுசெய்து இன்னொரு தரம் வாசியும்.

விடைத்தாள்கள் உம்மிடம் இருக்கின்றன. உண்மையான புள்ளியைப் போட்டு வருகிற வெள்ளிக்கிழமைக்குள் அனுப்பும். யாரும் கேட்கமாட்டார்கள். பிழை திருத்தம் என்று நான் எழுதிக்கொள்கிறேன்.

அருந்ததி

*

கொட்டாஞ்சேனை
10 மார்ச் 1997

அருந்ததி,

இரண்டு தரம் இல்லை, நாலு தரம் வாசித்தேன். நன்றாக எழுதுகிறீர். ஒரு சொல்லை மட்டும் எழுதாமல் தாண்டிப் போயிருக்கிறீர். நான் எழுதுகிறேன்: தரப்படுத்தல்.

ஒருவர் எடுத்த புள்ளியை, அவர் எந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவர் என்று பார்த்துக் கழிப்பதற்கு அரசாங்கம் அதைச் செய்த எழுபதுகளில் இருந்து நம்முடைய வீடுகளில் அந்தப் பெயர்தான். நமது பிள்ளைகள் புத்தகத்தை வைத்துவிட்டு எதை எடுத்தார்கள், ஏன் எடுத்தார்கள் என்று பத்து வருடமாகக் கதைத்துக்கொண்டு இருக்கிறோம். இப்போது அதை நம்முடைய கல்லூரியில், நம்முடைய பிள்ளைகளுக்கு, நம்முடைய ஆளே செய்கிறாள். எண்களும் சுத்தமாக இருக்கின்றன. அப்போதும் சுத்தமாகத்தான் இருந்தனவாம்.

பேராதனையில் படித்த காலத்தில் மழைக்கு வெளியே போகமுடியாத ஒருநாள் நீர் உமது சின்ன மாமாவைப் பற்றிச் சொன்னீர். மருத்துவத்துக்குப் போதிய புள்ளி எடுத்தும் தமிழில் எழுதியவர்களுக்கு வெட்டுப்புள்ளி உயர்ந்ததால் வீட்டில் இருந்துவிட்ட மனிதர். இன்றைக்கும் வருடா வருடம் உயர்தர இரசாயனவியல் வினாத்தாளை வாங்கி, மணிக்கூட்டை முன்னால் வைத்து எழுதி, சிவப்புப் பேனையால் தானே திருத்துகிறவர். தனக்கு ஒரு அரைப்புள்ளி கூடச் சலுகை தரமாட்டார் என்று சொல்லி அழுதீர். அவருக்காகத்தான் புள்ளிவிபரவியல் படிப்பதாகவும் சொன்னீர். நானும் நம்பி உமக்குத் தேத்தண்ணி போட்டுத் தந்தேன்.

நீர் இப்போது செய்கிற வேலையை அவருக்குச் சொன்னீரா? அவரைக் கொண்டு உம்மைத் திருத்திப் பாரும். வீட்டில் ஒரு பைத்தியத்தை வைத்துக்கொண்டு, அது எந்தத் தொழிற்சாலையில் செய்யப்பட்டதோ அங்கேயே வேலைக்குச் சேர்ந்திருக்கிறீர்.

அதோடு, ஆங்கிலம். கொழும்பில் பிறந்தவனையும் கிளாலியில் வள்ளம் ஏறி வந்தவளையும் ஆங்கிலத்தால் அளப்பதற்குப் பெயர் நியாயம்.

என் பிள்ளைகளை நான் வரிசையில் விடமாட்டேன். வரிசையில் விடுவதற்கு வெளியே ஆட்கள் துவக்கோடு நிற்கிறார்கள். வெள்ளிக்கிழமை ஒன்றும் வராது. காத்திருக்க வேண்டாம்.

நேசமலர்

*

வெள்ளவத்தை
17 மார்ச் 1997

செல்வி நேசமலர்
வரலாற்றுத்துறை, கொட்டாஞ்சேனைக் கட்டடம்

குறித்த திகதிக்குள் உங்கள் துறையிலிருந்து திருத்திய புள்ளிகள் கிடைக்கவில்லை. இறுதி வருட வரிசை இன்று இரு கட்டடங்களிலும் ஒட்டப்படுகிறது. முதல் முப்பது பேர் ஏழு நாட்களுக்குள் அலுவலகத்தில் பதிய வேண்டும். பதியாதவருடைய இடம் வரிசையில் அடுத்தவருக்குச் செல்லும். மேன்முறையீடுகள் ஏப்ரல் பத்தாம் திகதிவரை ஏற்கப்படும். பிரதி: அதிபர்.

பி.கு. பத்தாம் திகதி எனக்குக் காய்ச்சல். நீங்கள் அவசரம் என்று மேலே எழுதியிருந்ததால் கிளறன்ஸ் கடிதத்தை வீட்டில் கொடுத்திருக்கிறார். அம்மாவும் நானும் டிஸ்பென்சரிக்குப் போயிருந்தோம். சின்ன மாமாதான் உடைத்து வாசித்தார்.

அ. அருந்ததி

*

கொட்டாஞ்சேனை
19 மார்ச் 1997

அருந்ததி,

மாமா வாசித்தது எனக்குத் தெரியாது. பைத்தியம் என்று எழுதிய சொல்லுக்காக அவரிடம் மன்னிப்புக் கேட்கிறேன். உம்மிடம் இல்லை.

கடிதம் எழுதுவதில்லை என்றுதான் இருந்தேன். நேற்றுப் பலகைக்கு முன்னால் நின்றிருக்காவிட்டால் எழுதியிருக்கமாட்டேன். என் துறையில் ஆறு பேர் உள்ளே. கனகேஸ்வரி முப்பத்துநாலாம் இடம். முப்பதாவது ஆள் சுந்தரலிங்கம்.

அவனை உமக்குத் தெரியாது. வத்தளையில் மாடிவீடு, தகப்பனுக்கு இரும்புக்கடை, அடையாள அட்டையில் வத்தளை விலாசம். எந்தச் சாவடியிலும் ஒரு நிமிடம் நிற்கத் தேவையில்லாத பிள்ளை. நல்லவன். படிப்பில் ஏனோதானோ. ஆனால் ஆங்கிலம் தண்ணீர் மாதிரி. உமது வரிசை அவனுக்கு ஒரு கடிதம் கொடுத்திருக்கிறது. அதை வைத்து அவன் என்ன செய்வான், சட்டம் போட்டு மாட்டுவானா?

அவனிடமே கேட்டேன். "நான் விட்டுத் தருவன் மிஸ். அப்பாதான் விடமாட்டார். முப்பதுக்குள்ள வந்தனான் எண்டு வத்தளை முழுக்கச் சொல்லிப்போட்டார்," என்றான். தகப்பன் கேக் வேறு வாங்கியிருக்கிறாராம்.

கனகம் அழவில்லை. எல்லாரும் போகும்வரை நின்றுவிட்டு என் மேசைக்கு வந்தாள்.

"மிஸ், எனக்கு எழுபத்தைஞ்சு. சுந்தரலிங்கத்துக்கும் எழுபத்தைஞ்சோ?"

"ஓம்."

"அப்ப நான் எழுதின நாலு கட்டுரையையும் எங்க போட்டனீங்கள்?"

நான் மேசையில் கிடந்த வரவேடுகளை அடுக்கத் தொடங்கினேன். பிறகு, "பரவாயில்லை மிஸ். சும்மா கேட்டனான்," என்று சொல்லிப் போய்விட்டாள்.

அதிபரோடு கதைத்தேன். நீர் ஓம் என்றால் தனக்கு ஆட்சேபனை இல்லை என்கிறார். ஒரு பெயரை எடுத்து இன்னொரு பெயரைப் போடுவது. ஹமீமாவைத் தொடவே தேவையில்லை. உமது கால் எது கை எது என்று தெரியாமல் பேராதனையில் டெங்குக் காய்ச்சலில் கிடந்தபோது உமக்குக் கஞ்சி பருக்கியவள் கேட்கிறேன்.

நேசம்

*

வெள்ளவத்தை
21 மார்ச் 1997

நேசமலர்,

கஞ்சி பருக்கியதை நான் மறக்கவில்லை. அது வரிசையில் சேராது.

ஒரு பெயரை எடுத்து இன்னொன்றைப் போட எனக்கு ஒரு நிமிடம் போதும். நாளைக்கு முப்பத்தொன்றாவது பிள்ளை வந்து, ஏன் முப்பத்துநாலு உள்ளே போனது, நான் ஏன் போகவில்லை என்று கேட்டால் நான் என்ன சொல்ல? ஆசிரியைக்கு அவளைப் பிடிக்கும் என்றா? நீர் கனகேஸ்வரியைப் பற்றி எழுதிய மாதிரி முப்பத்தொன்றாவது பிள்ளையைப் பற்றி எழுத ஒருவரும் இல்லை என்பதுதான் அந்தப் பிள்ளையின் குறை.

மேன்முறையீட்டுக்கு இன்னும் நாள் இருக்கிறது. ஆனால் அவளுடைய தாளை மட்டும் திருத்தி அனுப்பினால் ஏற்கமாட்டேன். பதினாறையும் திருத்த வேண்டும். ஒருத்தியை உயர்த்தினால் அது சலுகை. பதினாறையும் திருத்தினால்தான் அது புள்ளி. உள்ளே இருக்கிற உமது ஆறு பேரில் யார் வெளியே போகவேண்டி வந்தாலும் போகத்தான் வேண்டும். அதைத் தெரிந்துகொண்டு அனுப்பும்.

உமது கடிதத்தை வாசித்த மாமா மறுநாள் காலையில் பழைய பேப்பர்காரனைக் கூப்பிட்டு, கட்டிலுக்குக் கீழே இருந்த வினாத்தாள்களையும் விடைகளையும் தராசில் வைத்தார். நிறுத்து முடியும்வரை பக்கத்தில் நின்று முள்ளைப் பார்த்தார். அதற்குப் பிறகு அந்த மேசையில் இருப்பதில்லை. இப்போது எங்கேயும் உட்காருவதில்லை, அறைக்குள் நடக்கிறார். அம்மாவுக்கு ஏன் என்று தெரியாது. எனக்கும் உமக்கும் தெரியும்.

அருந்ததி

*

கொட்டாஞ்சேனை
9 ஏப்ரல் 1997

அருந்ததி,

நாளைக்குக் கடைசி நாள். ஒன்றும் அனுப்பவில்லை. ஏன் என்று சொல்லிவிடுகிறேன்.

உள்ளே இருக்கிற ஆறு பேரில் நாலு பேர் வடக்கு. பதினாறையும் நான் திருத்தினால் கனகம் உள்ளே வருவாள், இந்த நாலு பேரில் எத்தனை பேர் வெளியே போவார்கள் என்று எனக்குத் தெரியாது. தெரியாமல் பேனையை எடுக்க நாகேந்திரத்துக்குப் பிறகு என்னால் முடியாது. உமக்கு முடியும். உமக்கு அது கணக்கு.

கனகத்தை விடுதியால் அனுப்பிவிட்டார்கள். என் அறையில் இருக்கிறாள். யோசெப்பின் அன்ரி பொலிஸ் பதிவுத் தாளில் 'உறவுக்காரப் பிள்ளை' என்று எழுதினா. எழுதிவிட்டு, "கர்த்தரே, இந்தப் பொய்யை என்ர கணக்கில வையும், இந்தப் பிள்ளையின்ர கணக்கில வேண்டாம்," என்று சிலுவை போட்டா. கனகம் நாள் முழுக்க என் புத்தகங்களை வாசிக்கிறாள். என்னோடு மரியாதையாக இருக்கிறாள். அதுதான் தாங்கமுடியவில்லை. முன்பு வகுப்பில் ஒன்றைச் சொன்னால், இல்லை மிஸ் என்று தொடங்குவாள். இப்போது ஓம் மிஸ், ஓம் மிஸ்.

ஒரு உதவி. உமது கட்டடத்துக் கடிதத்தாளில் கையெழுத்துப் போடுகிற உரிமை அதிபருக்கு அடுத்ததாக உமக்குத்தான் இருக்கிறது. 'தற்காலிக ஆய்வு உதவியாளர்' என்று ஒரு வரி. முழுநேர மாணவர் என்று எழுதத் தேவையில்லை. சம்பளம் வேண்டாம், கதிரை வேண்டாம். உமது வரிசையில் ஒரு எண்ணும் அசையாது. வருடப்பிறப்புக்கு முன்னர் அனுப்பினால் நல்லது. அந்த நாட்களில் சோதனை கூடுதலாக இருக்கும்.

நேசம்

*

கொட்டாஞ்சேனை
24 ஏப்ரல் 1997

அருந்ததி,

உம்மிடமிருந்து பதில் வரவில்லை.

நேற்று விடிய வந்தார்கள். தெருவை இரண்டு பக்கமும் அடைத்து, வீடு வீடாக. எங்கள் வீட்டுக்கு வந்த சிப்பாய்க்கு உமது வயதுகூட இருக்காது. கனகத்தின் அடையாள அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். யோசெப்பின் அன்ரி முன்னால் போய் நின்று, "மஹத்தயா, மே அபே லமயா, இது எங்கட பிள்ளை," என்று சிங்களத்திலும் தமிழிலும் சொன்னா. அவன் அவவை ஏசவில்லை. மரியாதையாகத்தான் கதைத்தான்.

"லியும கோ?" என்று கேட்டான். கடிதம் எங்கே?

கனகம் உள்ளே போனாள். அவளிடம் கடிதம் இல்லை என்று எனக்குத் தெரியும், எதை எடுக்கப் போகிறாள் என்று விளங்கவில்லை. தன் பெறுபேற்றுத் துண்டைக் கொண்டுவந்து நீட்டினாள். கல்லூரி இலச்சினை போட்ட தாள் அவளிடம் அது ஒன்றுதான். வரலாறு, எழுபத்தைந்து. அவன் அதைக் கவனமாக வாசித்தான். "ஹொந்தாய்," என்றான். நல்லதாம். திருப்பி அவள் கையிலேயே கொடுத்தான். பிறகு ட்ரக்கைக் காட்டினான்.

செருப்பைப் போடவிட்டார்கள். போகும்போது என்னைப் பார்த்து ஒன்று சொன்னாள். "மிஸ், மேசையில உங்கட புத்தகம் திறந்தபடி கிடக்கு, பக்கம் மாறிப்போகும்," என்றாள்.

நான் போய்ப் பார்த்தேன். மாறவில்லை.

நேசம்

*

வெள்ளவத்தை
28 ஏப்ரல் 1997

நேசம்,

உமது ஒன்பதாம் திகதிக் கடிதம் உரிய நாளிலேயே கிடைத்தது. கையெழுத்துப் போடவில்லை.

வெள்ளிக்கிழமை அதிபரும் நானும் போனோம். இரண்டு இடத்தில் விசாரித்தோம். மூன்றாவது இடத்தில், அவளைத் தெற்கே அனுப்பிவிட்டதாகச் சொன்னார்கள், எங்கே என்று சொல்லவில்லை. அதிபர் தன் கடிதத்தைக் காட்டினார். மேசையில் இருந்தவர் திகதியை விரலால் தொட்டுக் காட்டிச் சிரித்தார். அவளைப் பிடித்த பிறகு எழுதிய கடிதம். "பரக்கு," என்றார். பிந்திவிட்டது. உண்மைதானே.

அவளுடைய உடுப்புப் பையை எடுக்க ஹமீமா உங்கள் வீட்டுக்கு வந்திருப்பாள். நான் அனுப்பவில்லை, தானாகத்தான் வந்தாள். விடுதியில் கனகேஸ்வரி இருந்த கட்டிலை ஹமீமாவுக்குத்தான் கொடுத்திருக்கிறார்கள். அவள் கீழே பாயில் படுக்கிறாளாம். ஏன் என்று கேட்டேன். "ஆக்கள் திரும்பி வருவாங்கண்டு எங்க வீட்டையும் அப்படியேதான் விட்டுட்டு வந்தோம் மிஸ்," என்றாள்.

அருந்ததி

*

கொட்டாஞ்சேனை
5 மே 1997

அருந்ததி,

விடைத்தாள் கட்டு அலுமாரியில் இருந்தது. பெப்ரவரியில் பரீட்சை மண்டபத்தில் கட்டிய நூல் அப்படியே. நான் அதை அவிழ்க்கவே இல்லை. எல்லாருக்கும் எழுபத்தைந்து போடுவதற்கு ஏன் அவிழ்க்க வேண்டும்? இதை உமக்கு எழுதுவது மன்னிப்புக்கு அல்ல. கனகம் கேட்ட கேள்விக்கு அந்த நேரத்தில் என்னிடம் ஏன் பதில் இருக்கவில்லை என்று ஒருவருக்காவது தெரிய வேண்டும். அந்த நாலு கட்டுரையும் நூலுக்குள் இருந்தன.

பதினாறையும் திருத்திவிட்டேன். பத்து வருடத்துக்கு முன்னர் நமக்குத் திருத்திய பேராசிரியர்கள் எப்படித் திருத்தினார்களோ, அப்படி.

ஒல்லாந்தர் காலத்துத் தோம்புகளைப் பற்றி ஒரு கேள்வி போட்டிருந்தேன். வரி வாங்குவதற்காக ஆட்களையும் காணிகளையும் எழுதிய பதிவேடுகள். மற்றப் பிள்ளைகள் நான் சொல்லிக் கொடுத்ததையே திருப்பி எழுதியிருந்தார்கள். கனகம், எண்ணியவர்களை விட்டுவிட்டு எண்ணப்பட்டவர்களைப் பற்றி எழுதியிருக்கிறாள். யார் யார் தோம்பில் விழாமல் தப்பினார்கள், அதற்கு யாருடைய பெயரைக் கொடுத்தார்கள் என்று. நான் ஒருபோதும் சொல்லிக் கொடுக்காதது. ஓரிடத்தில் நான் வகுப்பில் சொன்ன ஆண்டு பிழை என்று பணிவாக எழுதி, சரியானதைப் போட்டிருக்கிறாள். பார்த்தேன். அவள்தான் சரி.

எண்பத்தொன்று. மற்றவர்களுடையது இணைப்பில். சுந்தரலிங்கம் ஐம்பத்தைந்து, மோசமில்லை.

உமது முறையில் போட்டு, என்ன வருகிறது என்று எழுதும். எனக்குத் தெரிய வேண்டும். இரக்கப்படாமல் எழுதும். அது உமக்குக் கஷ்டமாக இராது.

நேசமலர்

*

வெள்ளவத்தை
8 மே 1997

நேசம்,

நீர் கேட்ட கணக்கு.

கனகேஸ்வரி நான்காம் இடம். ஹமீமா இருபத்திரண்டில் இருந்தாள், இப்போது இருபத்துமூன்று. உள்ளே இருந்த உமது வடக்குப் பிள்ளைகள் நாலு பேரும் உள்ளேயே இருக்கிறார்கள். ஐம்பத்துநாலு பேரில் வெளியே போகிறவர் ஒரே ஒருவர். சுந்தரலிங்கம், முப்பத்தொன்று.

இரக்கப்படாமல் எழுதச் சொன்னீர். மிச்சத்தையும் எழுதுகிறேன்.

உமது பதினாறு பேருடைய முந்திய வருடப் புள்ளிகள் மார்ச் மாதத்திலிருந்தே என் மேசையில் இருக்கின்றன. உமக்கு முன்னர் அவர்களுக்குப் படிப்பித்த விரிவுரையாளர் போட்டவை. அதில் வரலாற்றில் முதலாவது அவள்தான். அவற்றை வைத்து ஒருமுறை போட்டுப் பார்த்தேன். அப்போதும் இதே விடைதான் வந்தது: அவள் உள்ளே, சுந்தரலிங்கம் வெளியே, வேறு யாருக்கும் ஒன்றும் இல்லை. பழைய புள்ளிகளைப் பாவிக்க எனக்கு அதிகாரம் இருக்கவில்லை. ஆனால் அந்த விடையை உமக்கு ஒரு வரியில் எழுதியிருக்கலாம். ஒருவரும் தடுக்கவில்லை. எழுதியிருந்தால் நீர் அன்றைக்கே நூலை அவிழ்த்திருப்பீர்.

முதலில் நீர் திருத்தி அனுப்புவீர் என்று காத்திருந்தேன். மாமா உமது கடிதத்தை வாசித்த பிறகு, நீர் அனுப்பக்கூடாது என்று காத்திருந்தேன். மேன்முறையீட்டை உமக்கு எப்படி எழுதினால் நீர் மறுப்பீர் என்று யோசித்துத்தான் அப்படி எழுதினேன். பிழையாக யோசிக்கவில்லை.

மேன்முறையீட்டு நாள் முடிந்திருந்தாலும் திருத்திய வரிசையை அதிபர் ஏற்றுக்கொண்டார். நேற்று இரண்டு கட்டடத்திலும் ஒட்டியாயிற்று. நீரும் பார்த்திருப்பீர், அவளுடைய பெயர் நான்காவதாக இருக்கிறது. விதி பழையதுதான். ஏழு நாட்களுக்குள் வந்து பதியாவிட்டால், இடம் அடுத்தவருக்குப் போகும். வருகிற புதன்கிழமையோடு நாள் முடிகிறது.

அடுத்தவர் சுந்தரலிங்கம். தகப்பன் இன்று காலை வந்து கேட்டுவிட்டுப் போனார்.

அருந்ததி